முதலில் போக்கிடம், அப்புறம் பீரோ

வீட்டை ஒழுங்குபடுத்துவது என்று முடிவெடுத்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பீரோவைத் திறந்து, உள்ளே இருக்கிற அத்தனை துணியையும் கட்டிலில் கொட்டுவது. மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் தொடங்கினேன். தாம்பரத்தில் இரண்டு படுக்கையறை உள்ள வாடகை வீடு. ஐந்து பேர், இரண்டு இரும்பு பீரோ, ஒரு சுவர் அலமாரி, அடுப்படிக்கு மேலே ஒரு பரண். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வேண்டாதவை என்று ஏழு மூட்டை கட்டியாயிற்று. அந்த ஏழும் எங்கே போகும் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. கூடத்தில் ஒரு வாரம் கிடந்தன. பிறகு பால்கனிக்குப் போயின. ஐப்பசி மழையில் இரண்டு மூட்டை நனைந்து பூஞ்சை பிடித்தது. மிச்சத்தைப் பிரித்துப் பார்த்தபோது, "இது நல்லாத்தானே இருக்கு" என்று பாதித் துணி பீரோவுக்கே திரும்பிப் போயிற்று.

அதிலிருந்து ஒன்று புரிந்தது. ஒரு பொருளை விட மனம் வராததற்குப் பாசம் கொஞ்சம் காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது எங்கே போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாததுதான். நல்ல துணியைக் குப்பையில் போட நம் கை கூசுகிறது. அந்தக் கூச்சம் நல்லது, அதை விட்டுவிடாதீர்கள். அதனால் போக்கிடத்தை முதலில் கண்டுபிடியுங்கள். பீரோவை அப்புறம் திறக்கலாம்.

எது எங்கே போகும்

ஒரு தாளில் உங்கள் தெருவையும் ஊரையும் மனதில் வைத்து எழுதுங்கள். பழைய பேப்பர் கடை எது, என்றைக்குத் திறந்திருக்கும். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் இன்னும் உங்கள் தெருவுக்கு வருகிறாரா. பித்தளை, செம்பை எடைக்கு எடுக்கும் பாத்திரக் கடை எது. பக்கத்தில் முதியோர் இல்லமோ குழந்தைகள் இல்லமோ இருக்கிறதா. இருந்தால் போன் செய்து கேளுங்கள். "எங்களிடம் துணி இருக்கிறது, எடுத்துக்கொள்வீர்களா" என்று கேட்பதைவிட, "உங்களுக்கு இப்போது என்ன தேவை" என்று கேளுங்கள். நான் கேட்ட ஓர் இல்லத்தில் புடவை ஏராளமாக இருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டவை போர்வையும் துண்டும் வயதானவர்களுக்கான நைட்டியும்தான்.

கூஞ்ச் என்ற அமைப்பைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1999இல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கியது. 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. சென்னையிலும் அவர்கள் துணி வாங்கிக்கொள்கிறார்கள். உடுத்த முடியாத பருத்தித் துணியைக்கூட அவர்கள் வீணாக்குவதில்லை. அதைச் சுத்தம் செய்து, கிராமத்துப் பெண்களுக்கு மாதவிடாய்க் காலத்தில் பயன்படும் துணிப் பட்டைகளாகத் தைக்கிறார்கள். கொண்டுபோவதற்கு முன் எதை வாங்குகிறார்கள், எந்த நாளில் வாங்குகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில ஊர்களில் 'அன்புச் சுவர்' என்ற பெயரில் பொது இடத்தில் துணி வைத்துவிட்டுப் போக ஏற்பாடு இருக்கிறது. அங்கே மழை நாளில் வைக்காதீர்கள்.

கொடுக்கும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோர ஊர்களுக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கிழிந்ததும், அந்த ஊர் வாழ்க்கைக்குப் பொருந்தாததும் சாலையோரம் குவியலாகக் கிடந்தன. எல்லாவற்றையும் இழந்து நின்ற குடும்பங்களுக்கு நம் வீட்டுக் கழிவை அனுப்பியிருந்தோம். அதனால் கொடுக்கும் பையில் துவைத்த துணி மட்டுமே போக வேண்டும். பட்டன் இருக்க வேண்டும், ஜிப் வேலை செய்ய வேண்டும், பேன்ட்டின் நாடா உருவியிருக்கக் கூடாது. சுடிதார் என்றால் டாப்ஸ், பேன்ட், துப்பட்டா மூன்றையும் ஒன்றாகக் கட்டுங்கள். உள்ளாடையைக் கொடுக்கக் கூடாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுப்பதாக இருந்தால், மூட்டையைக் கையில் திணிக்காமல் பிரித்துக் காட்டி, "வேணுங்கறதை மட்டும் எடுத்துக்கோங்க, மிச்சத்தை நான் வேற இடத்துல கொடுத்துக்கறேன்" என்று சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் ஓர் இடம் வேண்டும்.

கிழிந்தும் நைந்தும் போன பாலியஸ்டர், நைலான் துணிகளுக்கு மட்டும் நல்ல போக்கிடம் கிடைப்பது கடினம். அவற்றை மாநகராட்சி, நகராட்சி ஆட்களிடம் உலர் கழிவாகத் தனியே கொடுங்கள். சென்னை என்றால் 1913 என்ற எண்ணில் பேசி விவரம் கேட்கலாம். போகிக்கு எரித்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைக்காதீர்கள். 2018 போகி அன்று காலையில் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. அந்தப் புகையில் பிளாஸ்டிக்கும் ரப்பரும் செயற்கை இழைத் துணியும் இருந்தால், அதைச் சுவாசிப்பது நம் தெருக் குழந்தைகள்தான்.

எப்போது, எவ்வளவு நேரம்

மழைக்காலத்தில் தொடங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் துணியை வெளியே எடுத்தால் ஈரக் காற்று பட்டு, மடிக்கும்போது அந்த ஈரத்தையும் சேர்த்தே உள்ளே வைத்துவிடுவோம். தை பிறந்த பிறகு காற்று உலர ஆரம்பிக்கும். தை, மாசி, பங்குனி மூன்றும் இதற்கு ஏற்ற மாதங்கள். அதற்கு முன் தொடங்கித்தான் ஆக வேண்டும் என்றால் காகிதம், பாத்திரம் என்று துணி அல்லாதவற்றில் கை வையுங்கள்.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு தட்டு. இரண்டு மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம். முதல் மணி நேரத்தில் சரியாக முடிவெடுக்கும் மனம், மூன்றாவது மணி நேரத்தில் "எல்லாம் இருக்கட்டும்" என்றோ "எல்லாம் போகட்டும்" என்றோ சலித்துக்கொள்ளும். இரண்டுமே தப்பு.

கையில் நான்கு கட்டைப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஜவுளிக் கடைகளில் கொடுத்தது எல்லார் வீட்டிலும் இருக்கும். ஒன்றில் 'கொடுக்க' என்று எழுதி ஒட்டுங்கள். இன்னொன்றில் 'தைக்க', மூன்றாவதில் 'துடைக்க', நான்காவதில் 'பழைய கடைக்கு'. புது டப்பா, கூடை, ஹேங்கர் எதையும் இப்போது வாங்காதீர்கள். எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாமல் வாங்குகிற கூடை, ஒழுங்குபடுத்த வேண்டிய சாமானில் ஒன்றாகிவிடும்.

முதல் தட்டு: தினமும் உடுத்துவது

பட்டுப் புடவையிலோ பிள்ளையின் முதல் சட்டையிலோ தொடங்கினால் அன்றைய வேலை அங்கேயே நின்றுவிடும். நைட்டி, சட்டை, லுங்கி, துண்டு, வீட்டில் கட்டும் புடவை ஆகியவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். இதில் நினைவுகள் குறைவு, கை வேகமாக நகரும்.

எத்தனை வைத்துக்கொள்வது என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு கணக்கு உண்டு. அது உங்கள் வீட்டுத் துவைக்கிற வழக்கத்தையும் மழைநாளில் துணி காய்கிற வேகத்தையும் பொறுத்தது. எங்கள் வீட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் துவைக்கிறோம். அடைமழையில் கொடியில் போட்டது காய மூன்று நாள் ஆகும். ஆக, மோசமான வாரத்தில்கூட ஒருவருக்கு ஏழு வீட்டு உடை இருந்தால் தாராளம். எண்ணிப் பார்த்தபோது என்னிடம் பத்தொன்பது நைட்டி இருந்தது. துண்டு தலைக்கு மூன்று. ஒரு கட்டிலுக்கு மூன்று விரிப்பு: ஒன்று விரித்தது, ஒன்று துவைக்கப் போட்டது, ஒன்று அலமாரியில். உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தாலோ, படுக்கையில் இருக்கும் பெரியவர் இருந்தாலோ இந்தக் கணக்கு இரண்டு மடங்காகும். அதைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

ஒவ்வொரு துணியையும் கையில் எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி சின்னது. நாளைக்குத் துவைத்து வெளுத்து இது மட்டும் கையில் இருந்தால் உடுத்துவேனா? ஆம் என்றால் உள்ளே. இல்லை என்றால் ஏன் என்று பாருங்கள். இங்கேதான் 'தைக்க' பைக்கு வேலை. நம் பீரோக்களில் உடுத்தாமல் கிடக்கும் துணியில் கணிசமான பங்கு ஒரு சிறு பழுதுக்காகக் கிடக்கிறது. கொக்கி போன ஜாக்கெட், ஃபால்ஸ் பிரிந்த புடவை, ஓரம் அடிக்காமலே ஒரு வருடமாக இருக்கும் புதுப் புடவை, ரப்பர் தளர்ந்த பேன்ட். ஜாக்கெட் பிடிக்கவில்லை என்று தூக்கிப் போடும் முன் உள்ளே திருப்பிப் பாருங்கள். நல்ல டெய்லர் பக்கத் தையலில் ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ துணி விட்டு இரண்டு மூன்று வரி தையல் ஓட்டியிருப்பார். ஒரு வரியைப் பிரித்தால் போதும். 'தைக்க' பைக்கு ஒரு கெடு உண்டு. ஒரு வாரத்துக்குள் டெய்லர் கடைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் அந்தத் துணி உங்களுக்குத் தேவையில்லை என்று பொருள். அது 'கொடுக்க' பைக்கு மாறட்டும். ஆனால் கொடுப்பதற்கு முன் அந்தக் கொக்கியைத் தைத்துவிடுங்கள்.

'துடைக்க' பை ஆபத்தானது. "பழசு, துடைக்க ஆகும்" என்று நாம் சேர்க்கிற துணி ஒரு தட்டையே அடைத்துக்கொள்ளும். மெல்லிய பருத்தி மட்டும்தான் துடைக்க ஆகும். பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, சூடான பாத்திரத்தை அதைக்கொண்டு பிடித்தால் கையோடு ஒட்டிக்கொள்ளும். எனவே கரித்துணிக்கும் அடுப்படிக்கும் பருத்தியே. பத்துத் துண்டு வெட்டி வைத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். நைந்த பருத்தி வேட்டிகளில் நான்கைந்தை மட்டும் கிழிக்காமல் தனியே வையுங்கள். பட்டைச் சுற்ற, வடாம் காயவைக்க, கொலு பொம்மையைப் பொதிய வேறெந்தத் துணியும் அதற்கு ஈடாகாது.

பட்டு

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கை கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டு, தரையில் சுத்தமான வேட்டியோ விரிப்போ போட்டு உட்காருங்கள்.

பட்டுப் புடவையை ஹேங்கரில் மாதக்கணக்கில் தொங்கவிடக் கூடாது. ஜரிகையின் கனம் கீழே இழுக்க, மடிப்பு விழுந்த கோட்டில் இழை விட்டுப்போகும். மடித்துப் படுக்கவைப்பதுதான் சரி. அதுவும் ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் இருந்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பு வேறு இடத்தில் விழும்படி மாற்றி மடியுங்கள். வெயிலில் போடாதீர்கள், சாயம் வெளுக்கும். கல்யாணத்துக்குக் கட்டிவந்த புடவையை அன்றிரவே மடித்து வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வியர்வை காயாமல் உள்ளே போனால் கறை நிரந்தரமாகும், ஜரிகை கறுக்கும். சில மணி நேரம் நிழலில் கொடியில் போட்டுவிட்டு அப்புறம் மடியுங்கள்.

பிளாஸ்டிக் கவர் வேண்டாம். உள்ளே காற்றில்லாமல் ஈரம் தங்கும். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றுங்கள். இதற்குத்தான் அந்தப் பழைய வேட்டி. செய்தித்தாள் விரிப்பதையும் தவிர்த்துவிடுங்கள், மை ஒட்டும். இரும்புத் தட்டின் மேல் நேராகப் புடவையை வைத்தால் துருக்கறை ஏறும். அடியில் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டுவிட்டு வையுங்கள்.

பூச்சிக்கு அந்துருண்டை போடுவதாக இருந்தால், அதைச் சிறு துணியில் முடிந்து தட்டின் மூலையில் வையுங்கள். ஜரிகை மேல் பட்டால் நிறம் மாறும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்துருண்டையே வேண்டாம். பிறந்த குழந்தையின் துணி, போர்வை இருக்கும் இடத்தில் அதை வைக்கவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் ஏறிய துணியைப் போர்த்துவதாலேயே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிந்திருப்பதே இல்லை. வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து போடலாம். நிழலில் நன்றாகக் காய்ந்த வேப்பிலையும் போடலாம். பச்சை இலை கறை பண்ணும். இவை அந்துருண்டை அளவுக்கு நீடிக்காது. புடவையைப் பிரித்து மடிக்கிற ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றுங்கள்.

பருத்திப் புடவைகளுக்கு ஒரு வார்த்தை. கஞ்சி போட்ட புடவையைப் பல மாதம் உள்ளே வைக்காதீர்கள். பாச்சையும் வெள்ளிப் பூச்சியும் தேடி வருவது அந்தக் கஞ்சியைத்தான். நீண்ட நாள் கட்டப்போவதில்லை என்றால் அலசிக் காயவைத்து வையுங்கள். கட்டும்போது கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.

கிழிந்துபோன பழைய காஞ்சிப் பட்டு இருந்தால் அவசரப்பட்டு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். சுத்த ஜரிகை என்பது பட்டு இழையில் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. "பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்" என்ற பலகையோடு அதை எடுக்கும் கடைகள் சென்னை, காஞ்சிபுரம், கும்பகோணம் போன்ற ஊர்களில் உண்டு. ஜரிகை ஓரத்தை லேசாகச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு இழை தெரிவது நல்ல அறிகுறி. ஒரே கடையில் கொடுக்காமல் இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். விலையில் கணிசமான வித்தியாசம் இருக்கும். தெருவில் வருபவரிடம் எடை பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

திரும்ப அடுக்குவது

இரும்பு பீரோவின் ஆழம் சாதாரணமாகப் பதினெட்டு, பத்தொன்பது அங்குலம். நாம் மடிக்கும் துணி அதில் பாதிதான் வரும். அதனால் முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை என்று அடுக்குகிறோம். பின்வரிசையில் இருப்பது நம் நினைவிலிருந்தே போய்விடும். ஏற்கெனவே இருக்கிற அதே நிறத்தில் இன்னொரு சுடிதார் வாங்குவது இப்படித்தான்.

இதற்கு எளிய வழி, செருப்பு டப்பாவோ ஆழம் குறைந்த பிளாஸ்டிக் தட்டோ தட்டின் ஆழம் முழுக்க நீளவாக்கில் வைத்து இழுப்பறை போலப் பயன்படுத்துவது. துணியை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்கவைக்காமல், கையளவுக்குக் கட்டியாக மடித்து, புத்தகம் போல நிறுத்தி அடுக்குங்கள். டப்பாவை இழுத்தால் கடைசித் துணிவரை ஒரே பார்வையில் தெரியும். ஜாக்கெட், பாவாடை, உள்ளாடை, குழந்தைத் துணி, பனியன் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பட்டுக்கும் கனமான புடவைக்கும் இது வேண்டாம்.

புடவையையும் அதன் ஜாக்கெட்டையும் பிரிக்காதீர்கள். புடவை மடிப்புக்குள்ளேயே ஜாக்கெட்டை வையுங்கள். ஜாக்கெட் தனித் தட்டில் இருந்தால், அவசரத்தில் தேடிக் கிடைக்காமல் கையில் அகப்பட்ட வேறு புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்புவோம். நான்கு முறை இப்படி ஆனால் அந்தப் புடவை அப்படியே மறந்துபோகும்.

கண் உயரத்தில் தினசரி உடை. அதற்குக் கீழே வெளியே போகும் உடை. மேல் தட்டில் பட்டு. குழந்தைகளின் துணியை அவர்கள் கைக்கு எட்டும் கீழ்த்தட்டில் வையுங்கள். எட்டினால்தான் அவர்களே எடுத்து, அவர்களே வைப்பார்கள். ஒருவருக்கு ஒரு தட்டு என்று எல்லை போட்டுவிடுங்கள். தட்டு நிரம்பினால் அதிலிருந்து ஒன்று வெளியேற வேண்டும். பக்கத்துத் தட்டில் போய் உட்காரக் கூடாது.

பெரியவர்களின் சாமான்

அடுத்தவர் பொருளை அவர் இல்லாத நேரத்தில் ஒழுங்குபடுத்தவே கூடாது. இதை நான் மிக உறுதியாகச் சொல்கிறேன். எங்கள் அத்தையின் டிரங்குப் பெட்டியில் பதினோரு போர்வையும் நான்கு ஜமுக்காளமும் இருந்தன. என்னிடம் சாவி இருந்தும் நான் தொடவில்லை. ஒருநாள் மத்தியானம், வேலையெல்லாம் முடிந்து அவர் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"அத்தை, இந்தப் போர்வையெல்லாம் எடுத்து ரொம்ப நாளாச்சு. கொஞ்சத்தை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாமா?"

"ஊர்லேர்ந்து ஆளுங்க வந்தா போர்த்திக்கக் கொடுக்க வேணாமாம்மா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவருடைய புகுந்த வீட்டில் ஒரு விசேஷம் என்றால் முப்பது பேர் கூடத்தில் படுத்திருப்பார்கள். அந்தப் போர்வைகள் அந்த வீட்டுக்கானவை. "நம்ம வீட்டுல ஒரே சமயத்துல அதிகமா எத்தனை பேர் தங்கினாங்க அத்தை?" என்று கேட்டேன். அவரே விரல் விட்டு எண்ணினார். மாமா காரியத்தின்போது ஐந்து பேர். அதற்கு மேல் யாரும் தங்கியதில்லை. ஆறு இருக்கட்டும் என்று அவரே சொல்லி, எந்த ஆறு என்று அவரே தேர்ந்தெடுத்தார். மிச்சம் ஐந்தைத் துவைத்துக் காயவைத்து, கொண்டுபோகும்போது தானும் வருவேன் என்று கிளம்பினார். பெரியவர்களுக்குப் பொருள் போவது வருத்தமில்லை. தன்னைக் கேட்காமல் போவதுதான் வருத்தம்.

கணவரின் சட்டைகள், பிள்ளைகளின் பொம்மைகள் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். உங்கள் தட்டை முதலில் முடித்துக் காட்டுங்கள். பாதிப்பேர் அதைப் பார்த்துவிட்டுத் தாமாகவே வருவார்கள்.

துணி அல்லாதவை

அடுப்படி டப்பாக்களில் மூடி இல்லாதவை அன்றே பழைய கடைக்குப் போகலாம். எவர்சில்வரில் தினமும் புழங்குவது எது என்று தெரிய ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு வாரம் கழுவிய பாத்திரத்தை அலமாரியில் வைக்காமல் ஒரு கூடையிலேயே வைத்து அதிலிருந்தே எடுத்துப் பழகுங்கள். வார முடிவில் கூடையில் இருப்பதுதான் உங்கள் அடுப்படி. அலமாரியில் மிஞ்சியதில் விசேஷத்துக்கு வேண்டிய தாம்பாளம், பெரிய அடுக்கு, இட்லிக் கொப்பரை போக மற்றதைப் பற்றி யோசிக்கலாம். அம்மாவின், பாட்டியின் பெயர் வெட்டிய பாத்திரத்தை விற்க வேண்டாம். பரணிலும் வைக்க வேண்டாம். கீழே இறக்கி அதில் தினமும் தண்ணீர் வையுங்கள்.

தாம்பூலப் பையில் வரும் ஜாக்கெட் பிட், குங்குமச் சிமிழ், சின்னத் தட்டு போன்றவற்றை ஒரே டப்பாவில் போடுங்கள். நவராத்திரிக்கு அதுவே கொடுக்க ஆகும். ஜாக்கெட் பிட்டைக் கொடுக்கும் முன் பிரித்துப் பாருங்கள், மடிப்பில் இற்றுப்போயிருக்கலாம். மஞ்சப்பையும் துணிப்பையும் பத்துப் போதும். அவற்றையும் வாசலுக்குப் பக்கத்தில், கையோடு எடுத்துப் போகிற இடத்தில் மாட்டுங்கள்.

காகிதத்தில் மட்டும் நிதானம் தேவை. கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பிறப்பு இறப்புச் சான்று, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், காப்பீட்டு பாலிசி ஆகியவை எவ்வளவு பழையதானாலும் வெளியே போகக் கூடாது. டிஜிலாக்கரில் ஏற்றிவிட்டோம் என்று அசலைக் கைவிடாதீர்கள். வருமான வரி, வங்கி சம்பந்தப்பட்டவற்றை எட்டு வருடம் வரை வைத்திருப்பது என் வழக்கம். பழுதாகி வீட்டைவிட்டே போன மிக்ஸியின் உத்தரவாத அட்டை, போன வருட மளிகை பில், பழைய கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் போகலாம். பழைய கடைக்குப் போடும் முன் ஆதார் நகல், பான் நகல், வங்கி அறிக்கை ஆகியவற்றைத் தனியே எடுத்துக் கிழித்துவிடுங்கள். சுண்டல் வாங்கிய பொட்டலத்தில் யாரோ ஒருவரின் கணக்கு விவரத்தை நானே பார்த்திருக்கிறேன்.

காலாவதியான மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டாதீர்கள். பட்டையோடு தனிப் பையில் போட்டு, தீங்கு தரும் கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். பழைய செல்போனும் சார்ஜரும் மின்கழிவு எடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் சிம்மை எடுத்து, உள்ளே இருப்பதை அழித்துவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது. அதை மற்ற சாமானோடு சேர்க்காமல் சீக்கிரம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பரண், கடைசியில்

பரணைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம் உண்டு. கீழே இடம் காலியான பிறகுதான் மேலிருந்து எதை இறக்கலாம் என்று தெரியும். ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டுத் தனியாக ஏறாதீர்கள். ஏணி, அதைப் பிடிக்க ஒருவர், மேலிருந்து கொடுப்பதை வாங்க ஒருவர்.

டிவி, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளை வீடு மாறும்போது தேவைப்படும் என்று வைத்திருப்போம். அதற்குள் கரப்பானும் கரையானும் குடியேறியிருக்கும். உத்தரவாதக் காலம் முடிந்தால் போட்டுவிடுங்கள். சூட்கேஸுக்குள் சூட்கேஸை வையுங்கள். கொலு பொம்மைப் பெட்டிகளின் மேல் எந்தப் படிக்கு உரியது என்று எழுதுங்கள். அடுத்த நவராத்திரிக்கு அரைநாள் வேலை மிச்சம்.

எல்லாம் ஏற்றியபின் மேலே என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். தேதியையும் போடுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் இப்போது ஒன்பது வரி இருக்கிறது. ஒன்று இறங்கினால் அடிக்கிறோம், ஒன்று ஏறினால் எழுதுகிறோம். வாசல் கதவுக்குப் பின்னால் 'கொடுக்க' கட்டைப்பை நிரந்தரமாகத் தொங்குகிறது. அது நிரம்பிய வாரம் சனிக்கிழமை, அத்தையும் நானும் அதை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம்.